ஜாலுக்குப் பிறகு

என் வம்சாவளி எக்செல் ஷீட்டில் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா மட்டும்தான். கல்யாணமாகி வந்த பெண்களுக்குக் கட்டமே இல்லை.

ராயபுரம் மேற்கு மாதா கோயில் தெருவில் பார்சிகளின் அக்னிக் கோயில் இருக்கிறது. சின்ன வயசிலேயே இறந்துபோன மகன் ஜாலின் நினைவாக பிரோஜ் கிளப்வாலா கட்டியது, 1910இல். என் ஷீட்டில் போட்டால் ஜாலோடு அந்தக் கிளை முடிந்துவிடும்.

ஆனால் கிளப்வாலா என்ற பெயரை ஊரறியச் செய்தவர், அந்தப் பெயரில் பிறக்காத ஒரு பெண். மேரி, 1909இல் ஊட்டியில் பட்டேல் வீட்டில் பிறந்தவர். 1935இல் கணவர் நோகி கிளப்வாலா இறந்தார். பிறகு ஜாதவை மணந்தபோதும் பழைய பெயரை விடவில்லை. மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் 1952இல் தொடங்கியது அவர் முயற்சியால்தான்.

ஷீட்டில் புதுக் கட்டம் போட்டுவிட்டேன். ஆயாவோட அப்பா பேர் என்னன்னு அம்மாகிட்ட கேட்கணும்.