குழந்தையின் சூழல் யாருடையது?
வார்தா 1937, சென்னை 1953

குழந்தைக்குக் கற்பிப்பதை அதன் சூழலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதில் கல்வியாளர்களுக்குள் சண்டை கிடையாது. காந்தியவாதி, இடதுசாரி, அரசாங்க நிபுணர் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். எல்லோரும் ஒத்துக்கொள்கிற வாக்கியத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. சாதியச் சமூகத்தில் 'சூழல்' என்பது என்ன? மரம், ஏரி, மாடு, பறவை மட்டுமா? ஊர் என்றும் சேரி என்றும் பிரிந்து கிடப்பதும் சூழல்தானே? இந்தச் சொல்லுக்கு ஓர் அரசியல் வரலாறு இருக்கிறது. அதன் இரண்டு கணங்களை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது, 1937 அக்டோபர் 22, 23 தேதிகளில் வார்தாவில் காந்தி தலைமையில் நடந்த கல்வி மாநாடு. அதையொட்டி ஜாகிர் ஹுசேன் குழு பாடத்திட்டம் தயாரித்தது. 7 வயது முதல் 14 வயதுவரை இலவச, கட்டாய, தாய்மொழிக் கல்வி; மையத்தில் ஒரு கைத்தொழில். தமிழில் இதை ஆதாரக் கல்வி என்றார்கள். இதைச் செயல்படுத்திய ஹிந்துஸ்தானி தாலிமி சங்கத்தின் செயலாளர் ஆரியநாயகம் யாழ்ப்பாணத் தமிழர் என்பதை நாம் மறந்தேபோனோம்.

அந்தத் திட்டத்தின் கால அட்டவணை சுவாரசியமானது. பள்ளி நாள் ஐந்தரை மணி நேரம். அதில் கைத்தொழிலுக்கு 3 மணி 20 நிமிடம். சமூகப் பாடத்துக்கும் பொது அறிவியலுக்கும் சேர்த்தே 30 நிமிடம். இயற்கையும் சமூகமும் அவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும். ஆனால் திட்டத்தின் தர்க்கம் வேறு. பஞ்சு எங்கே விளைகிறது, எந்த மண்ணில், எவ்வளவு மழையில் என்பது இயற்கைப் பாடம். நூற்றவர் யார், நெய்தவர் யார், துணி கப்பலில் வந்து இறங்கியபோது தறிகளுக்கு என்ன ஆச்சு என்பது வரலாறு. தனித்தனிப் பாடங்கள் வேண்டாம், கையிலிருக்கிற தக்கிளியிலிருந்தே உலகத்துக்குப் போகலாம் என்பது எண்ணம்.

எண்ணம் பெரிது, நடந்தது சிறிது. பல பள்ளிகளில் தக்கிளி சுற்றியதோடு சரி, உலகம் வரவில்லை. குழந்தைகள் செய்த பொருளின் வருமானத்தில் ஆசிரியர் சம்பளம் என்ற யோசனை அன்றைக்கே விமர்சிக்கப்பட்டது. ஆனாலும் அதில் ஒரு கலகத்தின் விதை இருந்தது. கையால் செய்யும் வேலையை, அதைச் செய்பவரோடு சேர்த்து இழிவாக வைத்திருந்த சமூகத்தில், அந்த வேலை எல்லாச் சாதிக் குழந்தைக்கும் பொதுவான பாடமாகப் பள்ளிக்குள் வந்தது.

இரண்டாவது கணம் 1953. சென்னை மாகாண முதல்வர் ராஜாஜி, கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்கு மாற்றியமைக்கப்பட்ட திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். பள்ளி நாள் 3 மணி நேரமாகச் சுருங்கியது. மாணவர்கள் இரண்டு முறைகளாக வரவேண்டும். மிச்ச நேரத்தில் குடும்பத் தொழிலைக் கற்க வேண்டும். காந்தியக் கல்வியின் நிழலில் நிறுத்தி இதை நியாயப்படுத்தியவர்கள் உண்டு. பெரியார் இதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர்தான் வரலாற்றில் நின்றது. திராவிடர் கழகம் போராடியது. 1953 ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார். காமராசர் முதல்வரானார். அந்த மே மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

இரண்டுமே 'சூழல்' என்றுதான் பேசின. இரண்டுமே கைத்தொழில் என்றன. வித்தியாசம் திசையில் இருக்கிறது. வார்தாவில் தொழில் சாதியை விட்டுப் பள்ளிக்கு வருகிறது. சென்னையில் குழந்தை பள்ளியை விட்டுச் சாதிக்குத் திரும்புகிறது. சவரத் தொழிலாளியின் மகன் கத்திக்கும், சலவைத் தொழிலாளியின் மகன் வெள்ளாவிக்கும். பெண் குழந்தை எங்கே திரும்பும் என்று சொல்லவே வேண்டாம், அடுப்படிக்குத்தான். சூழலிலிருந்து தொடங்குவது வேறு, சூழலுக்குள்ளேயே நிறுத்துவது வேறு. இந்த வேறுபாட்டை நிபுணர்கள் பார்க்கத் தவறிய இடத்தில், எழுத்தறிவு மறுக்கப்பட்ட தகப்பன்கள் பார்த்துவிட்டார்கள்.

அந்த வெற்றிக்குப் பிறகு என்ன ஆச்சு என்பதுதான் நம் பிரச்சினை. குலக்கல்வியைத் துரத்தினோம், சரி. ஆனால் சாதி படிந்த சூழலைப் பள்ளிக்குள் எப்படிப் பேசுவது என்ற கேள்வியையும் சேர்த்தே துரத்திவிட்டோம். பாடப்புத்தகச் சூழல் படுசுத்தமாகிவிட்டது. தமிழ்நாட்டில் 2018, 2019இல் வந்த பாடநூல்களில் முதல் இரண்டு வகுப்புகளுக்குச் சூழ்நிலையியல். 3ஆம் வகுப்பிலிருந்து அறிவியல் தனி, சமூக அறிவியல் தனி. எட்டு வயதிலேயே இயற்கை ஒரு புத்தகத்துக்கும் மனிதர்கள் இன்னொரு புத்தகத்துக்கும் போய்விடுகிறார்கள்.

ஏரியை எடுத்துக்கொள்வோம். எந்தப் புத்தகத்தில் வைப்பது? நீர்நிலை என்றால் அறிவியல். ஆனால் மடை திறந்து நீர் பாய்ச்சும் நீர்க்கட்டிகள் பல ஊர்களில் தலித்துகள். ஏரியின் மட்டம், மதகின் போக்கு, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்ற அறிவு அவர்களுடையது. அந்த வயல்கள் பெரும்பாலும் அவர்களுடையவை அல்ல. இயற்கை பற்றிய இந்த நுட்பமான அறிவையும் நிலத்தின் அநீதியையும் பிரித்துச் சொன்னால் இரண்டுமே பொய்யாகிவிடும். ஊர்க்கிணறும் அப்படித்தான். ஊற்று இயற்கை, யார் வாளி இறங்கலாம் என்பது சமூகம், அதை எதிர்த்து நடந்தது வரலாறு. 1927இல் மகாடில் அம்பேத்கர் ஒரு குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்ததை இயற்கைப் பாடமாகவும் நடத்த முடியும்.

சின்னப் பிள்ளைகளிடம் இதையெல்லாம் பேசலாமா என்பார்கள். என்.சி.இ.ஆர்.டி. 2008இல் வெளியிட்ட 5ஆம் வகுப்புச் சூழல் பாடநூலில் 'இந்த வேலையை யார் செய்வார்கள்?' என்றே ஓர் அத்தியாயம் இருந்தது. துப்புரவு வேலையைச் சிலர் மட்டுமே ஏன் செய்கிறார்கள் என்று அது பத்து வயதுக் குழந்தையிடம் கேட்டது. 'நமக்கு உதவுவோர்' என்று படம் போட்டு நன்றி சொல்லவைக்கும் பாடத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. அங்கே வேலை இயல்பு. இங்கே வேலை கேள்வி.

சேரிக் குழந்தைக்குச் சாதி ஏற்கெனவே தெரியும். தெரியாததுபோல் நடிப்பது புத்தகம்தான். பள்ளி செய்ய வேண்டியது, அந்தக் குழந்தைக்குத் தெரிந்ததை அறிவாக அங்கீகரிப்பது; ஊர்க் குழந்தை அதைக் கேட்கும்படி செய்வது. பெரியார் திறந்துவிட்ட கதவு வழியாக இன்னும் நுழையாமல் நிற்பது நம் பாடப்புத்தகம்.