மகளிர் குழுக்கள் (கடலூர், சிதம்பரம் வட்டாரம்)

ஒரே தெருவைச் சேர்ந்த பெண்கள் 12 முதல் 20 பேர் கூடிச் சேமித்து, சேர்ந்த பணத்தைத் தங்களுக்குள்ளேயே கடனாகச் சுற்றிவிடும் அமைப்பு. அரசு ஆவணங்களில் 'மகளிர் சுய உதவிக் குழு'; ஊர்ப் பேச்சில் வெறும் 'குழு'.

பெண்கள் கூடிச் சேமிப்பது இங்கே புதிதல்ல. பிடியரிசியும் ஏலச்சீட்டும் முன்பே இருந்தன. ஆனால் மீன் வாங்கி விற்க விடியற்காலையில் கைமுதல் தேவைப்பட்டால், வட்டிக்குக் கடன் தரும் தண்டல்காரரிடம்தான் கை நீட்ட வேண்டும். அந்த இடத்தைத்தான் குழு பிடித்தது.

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-இல் தொடங்கப்பட்டது. ஐ.நா.வின் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-இல் தருமபுரியில் முதல் குழுக்கள் உருவாயின. 1991-92-இல் திட்டம் தென்னாற்காட்டுக்கு வந்தது. 1993 செப்டம்பர் 30 அன்று அம்மாவட்டம் பிரிந்து கடலூரும் விழுப்புரமும் ஆனபோது, குழுக்கள் இரு பக்கமும் இருந்தன. 1997-98 முதல் 'மகளிர் திட்டம்' மாநிலம் முழுவதும் பரவியது.

கூட்டம் பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில், அடுப்பு வேலை முடிந்த பிறகு. பாயில் வட்டமாக உட்கார்ந்து சந்தா கட்டுவார்கள். குழுவை நடத்தும் ஊக்குநர் தீர்மான நோட்டில் எழுதுவார். சேமிப்பிலிருந்து யாருக்கு உள்கடன் என்பதில் வாக்குவாதம் நடக்கும். கைநாட்டு வைத்த பலர் கையெழுத்துப் போடப் பழகியது இந்த நோட்டில்தான். ஈடு காட்ட நிலப் பத்திரம் இல்லாதவர்களுக்கு வங்கியில் அந்த நோட்டே சாட்சி. குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனையை நபார்டு வங்கி 1992-இல் 500 குழுக்களை இலக்காக வைத்துத் தொடங்கியது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இம்மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை, கிள்ளை எனக் கரையோர ஊர்கள் சிதைந்தன. நிவாரணம் பெரும்பாலும் படகையும் வலையையும் எண்ணியே வந்தது. மீன்கூடை சுமக்கும் பெண்ணின் இழப்பு அந்தக் கணக்கில் எளிதில் ஏறவில்லை. அவளுக்குக் கேட்க ஒரு வாய் இருந்ததென்றால் அது குழுதான். புதிய வீடுகள் மனைவி, கணவன் இருவர் பெயரிலும் பதிவாக வேண்டும் என்று அரசு வகுத்த விதி அக்காலத்தின் நல்ல விளைவு.

உலக வங்கி நிதியோடு வந்த 'வாழ்ந்து காட்டுவோம்' திட்டம், கிராம வறுமை ஒழிப்புச் சங்கத்தையும் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பையும் கொண்டுவந்தது. ஆனால் இவை எல்லாரையும் ஒன்றுபோல் எட்டவில்லை. சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரம் உப்பங்கழியில், பிடித்ததைப் போடும் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பழங்குடியினர் வாழ்கிறார்கள்.  சாதிச் சான்றிதழே போராட்டமாக இருக்கும் இம்மக்களுக்கு வங்கி வாசல் இன்னும் தொலைவு. சுனாமிக்குப் பிறகு இன்னொரு அடியும் விழுந்தது: 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளைச் சாய்த்தபோது, முந்திரி உடைத்துப் பிழைத்த பெண்களின் கூலியும் போயிற்று. மரம் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். கடன் தவணை காத்திருக்காது.

இப்போது நுண்கடன் நிறுவனங்களும் பெண்களைக் கூட்டிக் 'குழுக்கடன்' தருகின்றன. அங்கே சேமிப்பு கிடையாது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும், அவ்வளவே. வசூல் கெடுபிடிக்கு எதிராகத் தமிழ்நாடு 2025-இல் தனிச் சட்டம் இயற்றியது. 'குழுவுக்குப் போறேன்' என்று ஒரு பெண் கிளம்பினால், சேமிக்கப் போகிறாளா தவணை கட்டப் போகிறாளா என்று இன்று கேட்க வேண்டியிருக்கிறது.