பாறையிலிருந்து மழைக்கு

கடலூரிலிருந்து பண்ருட்டி, நெய்வேலி பக்கம் போனால் மண் சிவக்க ஆரம்பிக்கும். முந்திரியும் பலாவும் நிற்கிற அந்தச் செம்மண்ணின் அடியில் கிடப்பதை நிலவியல் புத்தகங்கள் 'கடலூர் மணற்கல்' என்கின்றன. நம்ம ஊர்ப் பெயர் பாறைக்கு எப்படி வந்தது என்று தேடினால் ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்ட் வந்து நிற்பார்.

1855-இல், 21 வயதில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு வேலைக்கு வந்த ஆங்கிலேயர். அன்றைய தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் பாறைகளைப் பிரித்து எழுதினார். உட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அவர் வகுத்த அடுக்குகளை மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1862-இல் அந்த வேலையை விட்டு, கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியரானார். கதை அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் 1864 அக்டோபர் 5 அன்று பெரும்புயல் கல்கத்தாவைத் தாக்கியது. பல்லாயிரம் பேர் செத்தார்கள். அதைப் பற்றிய அறிக்கையை எழுதிய இருவரில் இவர் ஒருவர். 1866-இல் ஒரிசா பஞ்சம். அடுத்த ஆண்டு வங்காளத்தின் வானிலை அதிகாரி ஆனார். 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் இவர்தான்.

மறு வருஷமே பருவமழை பொய்த்தது. 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். மழை வருமா வராதா என்று முன்னாடியே சொல்ல முடியுமா? அரசாங்கம் இவரைக் கேட்டது. இமயத்தில் பனி அதிகம் விழுந்தால் அடுத்து வரும் பருவமழை குறைகிறது என்பதை 1884-இல் கட்டுரையாக எழுதினார். 1886 முதல் முன்னறிவிப்பு முறையாக வெளிவந்தது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அவர் கணித்தது ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழையை. சிதம்பரத்துச் சம்பா விவசாயி காத்திருப்பதோ ஐப்பசி, கார்த்திகை மழைக்கு. பாறை பார்க்க அவர் நடந்த மாவட்டத்துக்கே அவருடைய கணிப்பு பாதிதான் உதவும். அதோடு, அந்தத் தகவல் போனது அரசாங்கத்துக்கு. உழுகிறவர் காதுக்கு இல்லை. விவசாயிகளுக்கென்று வானொலியில் வானிலை அறிக்கை வர 1945 ஆகிவிட்டது.

இன்றைக்கு அவர் படித்த இரண்டும் கடலூர் மாவட்டத்தில் ஒன்றாக வந்து நிற்கின்றன. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு இருக்கும் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் தோண்ட முடியும். மேலே, 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் ஒரே காலையில் பலாவையும் முந்திரியையும் சாய்த்துவிட்டுப் போனது.

கீழே தண்ணீர் எவ்வளவு இருக்கு, மேலே மழை எப்ப வரும். பாறை படித்தவரும் மழை படித்தவரும் சேர்ந்து, இங்கே வயல் வைத்திருப்பவரிடம் நேராகச் சொல்ல வேண்டிய பதில்கள் இவை.