ஹவுராக் கரையும் கப்பல் தொழிலும்

தன் பண்டங்களைத் தன் கலங்களில் ஏற்றியனுப்ப இயலாத தேசம், உழைத்துச் சம்பாதித்த லாபத்தில் ஒரு பாகத்தைக் கப்பற்கூலியாக அந்நியர் கையில் அளந்தே தீரவேண்டும் என்பது வாணிக சாஸ்திரத்தின் பாலபாடம். அப்பாடத்தை நாம் எத்துணை விலை கொடுத்துப் படித்தோம் என்பதை அறிய விரும்புவோர்க்குக் கல்கத்தாவின் எதிர்க்கரையிலுள்ள ஹவுராவின் சரித்திரம் ஒன்றே போதும்.

கர்னல் ராபர்ட் கிட் என்பார் 1787-இல் ஹவுராவைச் சார்ந்த சிப்பூரில் தாவரத் தோட்டம் நிறுவியபோது, கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கப்பல்களுக்கு வேண்டிய தேக்கை அங்கேயே பயிரிடலாம் என்பதும் அவருடைய நோக்கங்களுள் ஒன்றாயிருந்தது. ஆனால் மலைச்சரிவில் வைரமேறும் தேக்கு, ஹூக்ளியின் வண்டல் மண்ணில் நல்ல மரமாக விளையவில்லை. முப்பதாண்டுகளுக்கு மேல் பொறுத்துப் பார்த்த பின்னர், 1820-இல் தேக்கு நின்ற நிலம் பிஷப் கல்லூரிக்கு வழங்கப்பட்டது. மரம் வளர்க்கும் முயற்சி அதனோடு முடிந்தது.

உள்ளூரில் தேக்கு விளையாவிடினும் கப்பல் கட்டும் தொழில் தளரவில்லை. பர்மாவின் பெகு நாட்டிலிருந்து தேக்கும், வடநாட்டுக் காடுகளிலிருந்து சால மரமும் வந்திறங்க, ஹவுராவின் சல்கியா உள்ளிட்ட ஹூக்ளிக் கரைத் துறைகளில் தச்சர் கூட்டம் இரும்புளியும் கொட்டாப்பிடியுமாக உழைத்தது. சால மரத்தால் விலாச்சட்டம் நிறுத்தி, தேக்குப் பலகை பொருத்தி, இடுக்குகளில் நாரும் பஞ்சும் திணித்துக் கலப்பற்றி, வெள்ளம் ஏறும் நேரம் பார்த்துக் கலத்தை நீரில் இறக்குவார்கள். 1781 முதல் 1800 வரை கல்கத்தாத் துறையில் கட்டப்பட்ட கப்பல்கள் 35. 1801 முதல் 1821 வரையிலோ 237, அவற்றின் மொத்தக் கொள்ளளவு 1,05,693 டன்.

இத்தொழில் நலிந்ததற்குக் கைத்திறன் குறைந்தது காரணமன்று. இந்தியத் தேக்குக் கலங்கள் தேம்ஸ் நதியில் வந்து நின்றதைக் கண்டு லண்டன் கப்பல் தச்சர்கள் கலங்கிக் கூக்குரலிட்டனர். பார்லிமெண்டும் அவர்கள் பக்கமே சாய்ந்தது. 1815-இல் இயற்றப்பட்ட சட்டம், இந்தியாவில் பிறந்த லஸ்கர் மாலுமிகள் மன்னரின் பிரஜைகளேயாயினும் பிரிட்டிஷ் மாலுமிகளாகக் கருதப்படார் என்று விதித்தது. ஆகவே லஸ்கர்களை நம்பி ஓடிய இந்தியக் கலங்களுக்கு லண்டன் வாணிகம் கடினமாயிற்று. பின்னர் நீராவியும் இரும்பும் வந்து, மரக்கலத்தின் காலத்தையே முடித்துவிட்டன. எனினும், 1819-இல் தோன்றிய ஹூக்ளி டாக்கிங் கம்பெனி போன்ற சில சல்கியாத் துறைகள், பழுதுபார்த்தும் ஆற்றுப் படகுகள் கட்டியும் உயிர் தரித்திருந்தன.

கலம் கட்டும் தொழிலின் கதி இதுவாயிற்று. கலம் ஓட்டத் துணிந்தோர் கதை இன்னும் உருக்கமானது. மகாகவி ரவீந்திரநாதரின் தமையனார் ஜ்யோதிரிந்திரநாதர், ஏலத்தில் விலைக்கு வந்த ஒரு கப்பற்கூட்டை ஏழாயிரம் ரூபாய்க்கு வாங்கி, அதற்கு எந்திரமும் அறைகளும் அமைத்து, 1884-இல் குல்னாவுக்கும் பாரிசாலுக்கும் இடையே சுதேசிக் கப்பல் போக்குவரத்தைத் தொடங்கினார். எதிரே நின்றதோ மூலதனம் மிக்க ஆங்கிலேயக் கம்பெனி. கட்டணம் குறைந்து குறைந்து ஒன்றுமில்லாமற் போயிற்று. பிரயாணிகளுக்குச் சிற்றுண்டியும் இலவசமாயிற்று. பாரிசால் இளைஞர்கள் தேசபக்திப் பாட்டுப் பாடி ஆள் சேர்த்தார்கள். பிரயாணிகளுக்குக் குறைவில்லை, பணத்துக்குத்தான் குறைவு. முடிவில் அவருடைய 'சுதேசி' என்னும் கப்பல், 1874-இல் பிராட்ஃபோர்டு லெஸ்லி அமைத்த ஹவுரா மிதவைப் பாலத்தில் சிக்கி மூழ்கியது. அத்தோடு அவருடைய கப்பல் வியாபாரமும் மூழ்கியது.

இருபதாண்டுகள் கழித்து நம் தூத்துக்குடியிலும் இதே நாடகம் நடந்தது. 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை நிறுவிய சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் 'காலியா', 'லாவோ' கப்பல்களை வீழ்த்த, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியார் இலவசப் பிரயாணமும் கையில் ஒரு குடையும் கொடுத்தார்கள் என்பது நாடறிந்த கதை. பாரிசாலில் சுதேசியே இலவசம் கொடுத்து அழிந்தது. தூத்துக்குடியில் அந்நியன் இலவசம் கொடுத்து அழித்தான். 1908-இல் பிள்ளையவர்களைச் சிறைக்கு அனுப்பிய அரசாங்கம், யாரைக் காக்க இருந்தது என்பதில் எவருக்கும் ஐயமிருக்கவில்லை.

இவற்றையெல்லாம் ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகிறது. திறமுள்ள தச்சர் இருந்தபோது நியாயமான சட்டமில்லை. துணிவுள்ள முதலாளி எழுந்தபோது நஷ்டத்தைத் தாங்கும் பொக்கிஷமில்லை. 1928-இல் கரையோர வாணிகத்தை இந்தியக் கப்பல்களுக்கே ஒதுக்கக் கோரி எஸ். என். ஹாஜி மத்திய சட்டசபையில் கொணர்ந்த மசோதாவும் சட்டமாகவில்லை. சுயராஜ்யம் வந்த பின்னரே அவ்வொதுக்கீடு கைகூடிற்று. 1948-இல் விசாகப்பட்டினத்தில் 'ஜல உஷா' நீரில் இறங்கியதும் நம் ஆட்சி நம் கைக்கு வந்தபின்தான்.

சல்கியாவின் பழங்கம்பெனி 1984-இல் தேசவுடைமையாகியும் நஷ்டத்திலேயே உழன்றது. அதன் நாசிர்கஞ்ச் துறையில், கொச்சிக் கப்பல் தளத்தாரின் கைவசம் புதிய தளம் எழுந்து 2022-இல் தொடக்க விழாக் கண்டது. ஆயினும் நம் கடல்கடந்த வாணிகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்தியக் கப்பல்களில் செல்வதில்லை என்பதே இன்றைய நிலைமை. சட்டம், துறை, மூலதனம், ஏற்றுவதற்குச் சரக்கு ஆகிய நான்கும் ஒரே காலத்தில் ஓரிடத்தில் கூடும்படி பார்த்துக்கொள்வது அரசின் கடமை. தனி மனிதரின் தேசபக்தியை நம்பி அக்கடமையைத் தள்ளிப்போட்டால், நட்டம் அந்தத் தனி மனிதரோடு நிற்காது. கப்பற்கூலியின் வடிவில் ஒவ்வொரு மூட்டையின் விலையிலும் ஏறிக்கொண்டேயிருக்கும்.