சுண்ணம் பூசிய சிப்பாய்களும் சின்னத்திரைச் சிரிப்பும்

1924-ல் மியூனிக் நகரில் ‘இரண்டாம் எட்வர்ட்’ நாடகத்தின் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. போர்க்களக் காட்சி மட்டும் எடுபடவே இல்லை. 26 வயது இயக்குநர் பெர்டோல்ட் பிரெக்ட், உடனிருந்த கார்ல் வாலன்டினிடம் சண்டைக்குப் போகும் சிப்பாய் எப்படி இருப்பான் என்று கேட்டார். பீர்க்கூட மேடைகளில் ஊரைச் சிரிக்கவைத்த கோமாளி வாலன்டின். பயத்தில் வெளிறிப்போயிருப்பான் என்றார். நடிகர்களின் முகத்தில் வெள்ளைச் சுண்ணம் ஏறியது, காட்சி நிமிர்ந்தது. ‘காவிய அரங்கு’ என்ற தன் நாடக முறை பற்றிய எண்ணத்தின் தொடக்கமாக இந்தச் சம்பவத்தைத்தான் பிரெக்ட் பின்னாளில் விமர்சகர் வால்டர் பெஞ்சமினிடம் குறிப்பிட்டார்.

இன்றைய தொலைக்காட்சி நகைச்சுவையில் பிரெக்டைத் தேடுகிறவர்கள் இந்தக் கோமாளியைக் கண்டுகொள்வதில்லை. பார்வையாளரிடம் நேரே பேசுவது, கதையைப் பாதியில் நிறுத்திப் பாடுவது எல்லாம் மலிவான கேளிக்கை மேடைகளில் ஏற்கெனவே புழங்கியவைதான். பிரெக்ட் அவற்றுக்கு ஒரு வேலை கொடுத்தார். 1928-ல் பெர்லினில் அரங்கேறிய ‘மூன்று காசு ஆப்பெரா’வில் காட்சித் தலைப்புகள் எழுத்தில் வந்தன. நாடகத்துக்குள் கரைந்துவிடாமல், நடப்பது ஏன் நடக்கிறது என்று பார்வையாளர் கேட்க வேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு. தொலைக்காட்சிக்கு வந்தபோது கோமாளியின் சரக்கும் பிரெக்டின் நோக்கமும் எப்போதும் சேர்ந்து வரவில்லை.

1950-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஜார்ஜ் பர்ன்ஸ் – கிரேசி ஆலன் தொடரில், பர்ன்ஸ் கதையைவிட்டு விலகி நின்று நேயர்களோடு பேசுவார். பிற்பாடு தன் அறையில் டிவியைப் போட்டு, அதே தொடரின் மற்றப் பாத்திரங்கள் தன் முதுகுக்குப் பின்னால் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து ரசிக்கவும் செய்தார். உத்தி பிரெக்டுடையதுபோல இருந்தாலும் பர்ன்ஸ் பழகிய பள்ளிக்கூடம் வாடவில் என்ற கேளிக்கை மேடை. அங்கே யாரையும் யோசிக்கவைக்கும் உத்தேசம் இல்லை.

அரசியல் காரம் லண்டனில் சேர்ந்தது. 1961-ல் நகைச்சுவைக் கலைஞர் பீட்டர் குக் அங்கே ‘எஸ்டாப்ளிஷ்மென்ட்’ என்ற நையாண்டி கிளப்பைத் திறந்தார். ஹிட்லரைத் தடுப்பதில் அவ்வளவு சாதித்த பெர்லின் கேபரேக்கள்தான் தனக்கு முன்மாதிரி என்று அவர் அடித்த கிண்டல், இந்தக் கலையின் எல்லையைப் பற்றிய நேர்மையான விமர்சனமும்கூட. அடுத்த ஆண்டு நவம்பரில் பிபிசியில் ‘தட் வாஸ் த வீக் தட் வாஸ்’ வந்தது. தயாரிப்பாளர் நெட் ஷெரின். நிகழ்ச்சி பிறந்தது கேளிக்கைப் பிரிவில் இல்லை, நடப்பு விவகாரப் பிரிவில். சனிக்கிழமை இரவு, வாரச் செய்திக்கேற்ப வரி மாற்றிய பாட்டோடு மிலிசென்ட் மார்ட்டின் தொடங்கிவைப்பார். கேமராக்களையும் ஸ்டுடியோவையும் மறைக்காமல் படத்தில் காட்டினார்கள். அமைச்சர்களைப் பெயர் சொல்லிக் கேலி செய்தார்கள். 1964 தேர்தல் ஆண்டு என்ற காரணம் சொல்லி, 1963 முடிவோடு பிபிசி நிகழ்ச்சியை நிறுத்திவிட்டது. காட்சியை வெட்டும் உத்தி அதிகாரத்தையும் உறுத்தியது என்பதற்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடைக்காது.

மான்டி பைத்தன் நகைச்சுவைக் குழு 1969-ல் வந்தபோது வெட்டே விளையாட்டாகிவிட்டது. ராணுவ கர்னல் ஒருவர் நுழைந்து, காட்சி ரொம்ப அசட்டுத்தனமாகப் போகிறது என்று நிறுத்தச் சொல்வார். அற்புதமான வேடிக்கை, ஆனால் அங்கே கேள்விக்குள்ளானது பெரும்பாலும் தொலைக்காட்சியின் இலக்கணமே.

1982-ல் பிபிசி2-ல் தொடங்கிய ‘த யங் ஒன்ஸ்’ தொடரின் கதை சுவாரசியமானது. நான்கு கல்லூரி மாணவர்கள், ஒரு பாழடைந்த வீடு. கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே மோட்டார்ஹெட் போன்ற இசைக்குழு உள்ளே வந்து ஒரு பாட்டை முழங்கும். கேட்பதற்கு அசல் பிரெக்ட். காரணமோ கணக்குப் பிரிவு சார்ந்தது: பாட்டு இருந்தால் பல்சுவை நிகழ்ச்சி என்ற வகையில் சேரும், அதற்குச் சாதாரண நகைச்சுவைத் தொடரைவிட அதிகப் பணம் ஒதுக்குவார்கள். ஆனாலும் அதே தொடரில் வீட்டுக்காரராக வந்த அலெக்ஸி செய்ல், திடீரென்று பாத்திரத்தைக் கழற்றிவிட்டு கேமராவைப் பார்த்துப் பொரிந்து தள்ளுவார். லிவர்பூல் கம்யூனிஸ்ட் குடும்பத்துப் பிள்ளை அவர். அந்த நிமிடங்களில் வாலன்டினும் பிரெக்டும் ஒரே ஆளுக்குள் இருந்தார்கள்.

பிற்காலத்தில் அதே உத்தி தலைகீழானது. ஃபீபி வாலர்-பிரிட்ஜின் ‘ஃப்ளீபேக்’ (2016) நாயகி நொடிக்கொரு தரம் நம் பக்கம் திரும்பிப் பேசுவாள். அதனால் விலகல் உண்டாவதில்லை. ரகசியம் சொல்லும் தோழியாகிவிடுகிறாள். 2019-ல் வந்த இரண்டாம் பருவத்தில் பாதிரியார் ஒருவர், பேசும்போதே அவள் எங்கேயோ போய்விடுவதைக் கவனித்துக் கேட்கிறார். அப்போதுதான் அவள் நம்மிடம் பேசுவது ஒரு தப்பித்தல் என்று உறைக்கிறது. தாமதமாக வந்தாலும் அது பிரெக்டுக்குப் பிடித்திருக்கக்கூடிய அதிர்ச்சி.

தலைப்பிலேயே ஒரு வசைச்சொல்லோடு 2021-ல் வந்த அமெரிக்கத் தொடர் இன்னும் துணிந்தது. கெவின் என்ற கணவன் திரையில் இருக்கும்வரை பளிச்சென்ற வெளிச்சம், பின்னணியில் சிரிப்பொலி. மனைவி ஆலிசன் அடுத்த அறைக்குப் போனதும் சிரிப்பு அறுபடும், நிறம் மங்கும், ஒற்றைக் கேமரா அவளைப் பின்தொடரும். பல பத்தாண்டுகளாக நகைச்சுவைத் தொடர்களில் எந்த மனைவியின் செலவில் அந்தச் சிரிப்பு ஓடியது என்று தொடர் வாய்விட்டுச் சொல்வதில்லை. 2022-ன் கடைசிப் பகுதியில் ஆலிசன் விவாகரத்து கேட்கிறாள். கெவின் முகத்தின் மேலிருந்தும் அந்த வெளிச்சம் விலகுகிறது. சிரிப்பொலி இல்லாமல் முதன்முறையாக அவனைப் பார்க்கிறோம், பயமாக இருக்கிறது.