சமதரையும் ஒரு சொத்து: டெனிஸ் குடும்பங்களும் நம்ம தோட்டங்களும்

மெட்ராஸ் கிருஷ்ணன் குடும்பத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "அது ரத்தத்துலயே இருக்கு." அப்பா ராமநாதன் கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டன் ஜூனியர் சம்பியன். மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979இல் அதே பட்டத்தை வாங்கினார். இடையில் சரியாக 25 வருஷம். இதைப் பார்த்தால் யாருக்கும் ரத்தம் என்றுதான் தோன்றும்.

வரலாறு படிக்கிறவளாக எனக்கு அந்தச் சொல்லில் ஒரு சிக்கல் இருக்கு. ரத்தம் என்று சொல்லி முடித்துவிட்டால் மேற்கொண்டு கேள்வியே கேட்க முடியாது. அந்தக் குடும்பத்துக்கு என்ன கிடைத்தது, பசறையிலும் நமுனுகுலவிலும் அப்புத்தளையிலும் இருந்த நம்ம குடும்பங்களுக்கு என்ன கிடைக்கவில்லை என்பதெல்லாம் அதற்குள் மறைந்துபோகும். அதனால் முதலில் அந்தக் குடும்பத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

மூன்று தலைமுறை

ஆரம்பம் தாத்தா டி.கே. ராமநாதன். தென்காசிக்காரர். அதாவது, நம்ம பாட்டன் பூட்டன்மாரில் பலர் கப்பலேறி வந்த அதே திருநெல்வேலிச் சீமை. அவரே நல்ல ஆட்டக்காரர், மகனுக்கு முதல் பயிற்றுநரும் அவர்தான். 1937இல் பிறந்த கிருஷ்ணன், பெரிய பலமில்லாத சேர்வை வைத்துக்கொண்டு, பந்தை எங்கே வைக்கணுமோ அங்கே வைத்து ஆடியவர். 1960இல் விம்பிள்டன் அரையிறுதி. 1961இல் காலிறுதியில் ரோய் எமர்சனை வென்று மறுபடியும் அரையிறுதி. முதல் வருஷம் அவரைத் தோற்கடித்த நீல் பிரேசரும் அடுத்த வருஷம் தோற்கடித்த ரொட் லேவரும்தான் அந்தந்த வருஷத்துக் கிண்ணத்தை எடுத்தார்கள். 1966இல் இந்தியா முதல்தடவையாக டேவிஸ் கிண்ண இறுதிச் சுற்றுக்கு, அவுஸ்திரேலியாவை எதிர்த்து மெல்பர்னுக்குப் போனதும் இவரை நம்பித்தான்.

இவ்வளவு ஆடியும் அவர் தொழில்முறை வீரர் இல்லை. 1968க்கு முன்பு விம்பிள்டனில் அமெச்சூர்கள் மட்டும்தான் ஆடலாம், பரிசுப் பணம் கிடையாது. அமெரிக்கர் ஜாக் கிரேமர் நடத்திய தொழில்முறைக் குழுவிலிருந்து கிருஷ்ணனுக்கு அழைப்பு வந்தது, அவர் போகவில்லை. பிறகு சென்னையில் எரிவாயு விநியோக முகவர் நிலையம் நடத்தினார். உலகத்தின் முதல் நான்கு பேரில் ஒருவராக 1962 விம்பிள்டனில் தரப்படுத்தப்பட்ட ஆள், பிழைப்புக்கு வேறு வேலை பார்த்தார். அப்படியொரு காலத்தில் டெனிஸ் ஆட வேண்டுமென்றால், ஆட்டத்தை நம்பாமல் சாப்பிடக்கூடிய வீட்டில் பிறந்திருக்கணும்.

மகன் ரமேஷ் வரும்போது காலம் மாறிவிட்டது. பரிசுப் பணம் உண்டு, 1973 முதல் உலகத் தரவரிசையும் உண்டு. வீட்டோடு சேர்ந்தே கோர்ட், தாத்தாவும் அப்பாவும் பயிற்றுநர்கள். 1981, 1987 அமெரிக்க ஓப்பனிலும் 1986 விம்பிள்டனிலும் காலிறுதி. 1985இல் உலகத் தரவரிசையில் 23ஆம் இடம். 1989 அவுஸ்திரேலிய ஓப்பனில், அப்போது உலகின் முதலிடத்தில் இருந்த மட்ஸ் விலாண்டரைத் தோற்கடித்தார். 1987இல் அப்பாவைப் போலவே டேவிஸ் கிண்ண இறுதிக்கும் போனார்.

அதே மெட்ராஸில் இன்னொரு வீடு அமிர்தராஜ் குடும்பம். ஆனந்த், விஜய், அசோக் என்று மூன்று அண்ணன் தம்பிகள். விஜய் சின்ன வயதில் நோயாளிப் பிள்ளை. அம்மா மேகி அமிர்தராஜ் சொந்தமாகத் தொழில் நடத்திக்கொண்டே மூன்று பிள்ளைகளையும் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார். விஜய் 1973இல் விம்பிள்டனிலும் அமெரிக்க ஓப்பனிலும் காலிறுதி. 1974இல் இந்தியா டேவிஸ் கிண்ண இறுதிக்குப் போனபோது எதிரே நின்றது நிறவெறித் தென்னாபிரிக்கா. இந்தியா ஆட மறுத்தது, கிண்ணம் கைவிட்டுப் போனது. ஆக 1966, 1974, 1987 என்று இந்தியா போன மூன்று இறுதிகளிலும் இந்த இரண்டு மெட்ராஸ் வீடுகளில் ஒன்றாவது இருந்தது.

இந்த இரண்டு கதையிலும் திரும்பத் திரும்ப வருவது மூன்று விஷயம்: கிட்டத்தில் ஒரு கோர்ட், பிள்ளையின் பின்னால் போக நேரமிருக்கிற ஒரு பெரியவர், நாளைக்கும் இதே இடத்தில் இருப்போம் என்ற நிச்சயம். இப்போ மலைக்கு வருவோம்.

ஒரு கோர்ட்டுக்குள் எத்தனை காம்பரா?

நம்ம மலைகளில் கோர்ட்டே இருக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டது 1867. இங்கிலாந்தில் மேஜர் விங்ஃபீல்ட் புல்தரை டெனிஸுக்குக் காப்புரிமை எடுத்தது 1874. முதல் விம்பிள்டன் 1877. ஏறக்குறைய ஒரே பத்து வருஷத்துக்குள் பிறந்த இரண்டும் ஒன்றாகவே மலையேறின. துரை பங்களாவின் பக்கத்தில் டெனிஸ் கோர்ட் இருப்பது சாதாரணம். துரைமார் கிளப்பிலும் கோர்ட். பந்து பொறுக்க லயத்துப் பொடியன்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. இரட்டையர் ஆடும் டெனிஸ் கோர்ட்டின் நீளம் 78 அடி, அகலம் 36 அடி. மொத்தம் 2,808 சதுர அடி. நம்ம லயக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு, 120 சதுர அடி. அதாவது ஒரு கோர்ட்டின் கோட்டுக்குள்ளேயே 23 காம்பரா அடங்கும். ஓடி ஆடச் சுற்றிலும் விடுகிற இடத்தையும் சேர்த்தால் (வழக்கமாக 120க்கு 60 அடி) 60 காம்பரா. இரண்டு பேரோ நாலு பேரோ சாயந்தரம் ஆடிய இடத்தில் 60 குடும்பம் குடியிருந்திருக்கலாம்.

மலையில் இதற்கு வேறொரு அர்த்தமும் இருக்கு. இங்கே சமதரைதான் பெரிய சொத்து. இருக்கிற சமதரை ஃபெக்டரிக்கும் பங்களாவுக்கும் பெரட்டுக்களத்துக்கும் போனது. தேயிலை சரிவில் ஏறியது. மிச்சமான ஓரத்தில் லயம். பிள்ளைகள் விளையாட இருந்தது லயத்து வாசலும் ரோட்டும். தோட்டங்களில் இன்றைக்கும் கரப்பந்து ஓங்கி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். ஒரு வலை, ஒரு பந்து, கோயிலடியில் ஒரு துண்டு நிலம் இருந்தால் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆடலாம்.

பெஷாவரில் நடந்தது

"ஏழை வீட்டிலிருந்து இந்த மாதிரிக் குடும்பம் வரவே வராதா?" என்று கேட்கலாம். வந்திருக்கு. ஹாஷிம் கான் என்ற ஸ்குவாஷ் வீரரின் அப்பா பெஷாவரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் கிளப்பில் பணியாளர். ஹாஷிம் அங்கே பந்து பொறுக்கிய பையன். அதிகாரிகள் வெயிலுக்குப் பயந்து ஒதுங்கும் நேரத்தில் கோர்ட்டில் தனியாக ஆடிப் பழகினார். பிறகு அந்த அதிகாரிகளுக்கே ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு வந்தார். 1951இல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். தம்பி ஆசாம், உறவினர் ரோஷன், ரோஷனின் மகன் ஜஹாங்கீர் என்று சம்பியன்கள் வரிசையாக வந்தார்கள். ஜஹாங்கீர் 1982 முதல் 1991 வரை தொடர்ந்து பத்துத் தடவை அதே பட்டத்தை எடுத்தார்.

பந்து பொறுக்கிய பையனுக்குக் காலியான கோர்ட் கொஞ்ச நேரம் கிடைத்தது. அவ்வளவுதான் வித்தியாசம். தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த நேரம் எங்கே? காலையில் பெரட்டு, முழுப்பேரா அரைப்பேரா என்ற கவலையிலேயே அம்மாவின் நாள் ஓடுகிறது. பிள்ளையும் புல்லு வெட்டவோ தம்பியைப் பார்க்கவோ போயாகணும். கோர்ட் பக்கத்தில்தான் இருந்தது, ஆனால் மேகி அமிர்தராஜ் மாதிரிக் கூட்டிக்கொண்டு போக ஒரு அம்மாவுக்கு இங்கே பொழுது இல்லை.

மூன்றாவது விஷயம், நாளைக்கும் இங்கே இருப்போம் என்ற நிச்சயம். அதைச் சட்டம் போட்டே எடுத்தார்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. கிருஷ்ணன் விம்பிள்டன் ஜூனியர் கிண்ணத்தை எடுத்த 1954இல் நம்ம தலைவிதியை நேருவும் கொத்தலாவலையும் பேசினார்கள். 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம். பதுளை ஸ்டேஷனில் ரயிலேறித் தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பங்களில் அண்ணன் அக்கரையிலும் தம்பி இக்கரையிலுமாகப் பிரிந்தார்கள். மூன்று தலைமுறை ஒரே முற்றத்தில் நின்று பந்தடிப்பது இந்த நிலைமையில் எப்படி நடக்கும்?

முத்தையா முரளிதரன் கதையும் இதைத்தான் சொல்லுது. அவருடைய தாத்தா 1920இல் திருச்சிப் பக்கமிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர், பிறகு இந்தியாவுக்கே திரும்பினார். இங்கே தங்கிய அப்பா கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தினார். பேரன் கண்டி புனித அந்தோனியார் கல்லூரி மைதானத்தில் பந்து வீசிப் பழகினார். 2010இல் காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெட். தோட்டத்தை விட்டு வெளியே வந்து, சொந்தத் தொழில் கிடைத்து, மைதானமுள்ள பள்ளிக்கூடம் கிடைத்த பிறகுதான் அந்தத் திறமை உலகத்துக்குத் தெரிந்தது.

இப்போ கேட்க வேண்டியது

"நம்ம பிள்ளைகளுக்குத் திறமை இருக்கு, ஊக்கம்தான் இல்லை" என்று ஒவ்வொரு பரிசளிப்பு விழாவிலும் மேடையில் யாராவது பேசுவார்கள். அடுத்த தடவை அப்படிக் கேட்டால் மனசுக்குள் அந்த மூன்றையும் எண்ணிப் பாருங்க. இடம் எங்கே? கூட்டிக்கொண்டு போக அம்மாவுக்கு நேரம் எங்கே? காணி உறுதி எங்கே? பிரஜாவுரிமைப் பிரச்சினை 2003 சட்டத்தோடு பெரும்பாலும் தீர்ந்தது. காணியும் நேரமும் இன்னும் தீரவில்லை.

லயத்தை உடைத்துத் தனி வீடு கட்டும் திட்டங்களில் ஒரு வீட்டுக்கு இத்தனை பேர்ச் என்று நாம் பேசுகிறோம், சரியான பேச்சு. அதே வரைபடத்தில் பிள்ளைகளுக்கான சமதரை எங்கே என்று கேட்கிற பழக்கம் இன்னும் வரவில்லை. பெரிய பங்களாக்கள் பல இன்றைக்கு உல்லாசப் பயணிகளின் விடுதி. அங்கே கோர்ட் காலியாகக் கிடக்கும் நாட்களில் பக்கத்துத் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இரண்டு மணித்தியாலம் திறந்துவிடச் சொல்லிக் கேட்பதற்குக் கூடப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு கடிதமும், கையெழுத்துப் போட நாலு பெற்றோரும் போதும். ஹாஷிம் கானுக்குக் கிடைத்ததும் அந்த மாதிரிக் கொஞ்ச நேரம்தான்.