புகையல்லாத புகை: குப்பத்துப் பாறைகளும் இந்தியப் பெருங்கடலின் வெப்ப ஊற்றுகளும்

திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறும் மலைப்பாதையின் ஓரத்தில் இருவேறு காலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. கீழே இருப்பது ஆர்க்கியன் காலக் கருங்கல். மேலே இருப்பது பழங்கடலின் மணல் இறுகி உண்டான நகரி குவார்ட்சைட். இடைப்பட்ட பல கோடி ஆண்டுகளுக்கு அங்கே பாறைச் சான்று எதுவும் இல்லை. ஆயினும் இவ்வட்டாரத்தின் மிகப் பழைய கடலைக் காண வேண்டுமெனில், சித்தூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில் குப்பத்தை அடுத்துள்ள சிகுருகுண்டாவுக்குச் செல்ல வேண்டும்.

கோலார் தங்கவயலிலிருந்து தெற்கே இறங்கி வரும் கோலார் பாறைப்பட்டையின் தென்பகுதி அது. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமும் சில கிலோமீட்டர் அகலமுமே கொண்ட இப்பட்டையின் பாறைகள் சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் வழிந்த எரிமலைக் குழம்பிலிருந்து பிறந்தவை. பொன் பிற்காலத்தில் வெந்நீரோடு வந்து அவற்றில் தங்கியது. 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் கோலாரில் சுரங்கத் தொழிலை நிலைநாட்டியபோது, தொழிலாளர் பெருமளவில் வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து சென்றனர். 1911 வரை சித்தூரும் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. 2001இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டதுடன் அந்த வரலாறு முடிந்தது. பொன்னின் பெயரால் அறியப்படும் இப்பட்டையில் இரும்பும் சிலிக்காவும் மாறிமாறி அடுக்கப்பட்ட வரியிரும்புப் பாறையும் உண்டு. அவ்வளவு இரும்பு பழங்கடலுக்குள் எங்கிருந்து வந்தது என்னும் வினாவுக்கு விடை நிலத்தில் கிடைக்கவில்லை, ஆழ்கடலில்தான் கிடைத்தது.

1977இல் கலாபகோஸ் தீவுகளை ஒட்டிய கடலடி மலைத்தொடரில் ஆல்வின் நீர்மூழ்கி வெப்ப ஊற்றுகளைக் கண்டது. 1979இல் கிழக்குப் பசிபிக் மேட்டில், ஏறத்தாழ 380 பாகை செல்சியசில் கரும்புகை கக்கும் கற்குழாய்கள் தென்பட்டன. அது புகையன்று. பாறைப் பிளவுகளுக்குள் இறங்கும் கடல்நீர் சூடேறி, மக்னீசியத்தை இழந்து, அமிலத்தன்மை பெற்று, இரும்பு, மாங்கனீசு, செம்பு, துத்தநாகம் ஆகியவற்றைக் கரைத்துக்கொண்டு மேலெழுகிறது. ஏறக்குறைய 2 பாகைக் குளிர்நீரைச் சந்தித்ததும் உலோக சல்பைடுகள் நுண்துகள்களாகப் பிரிகின்றன. அத்துகள்களே கருமை. கலங்கிய அந்நீர் சில நூறு மீட்டர் உயர்ந்து, பல்லாயிரம் மடங்கு நீர்த்துப்போய், சுற்றியுள்ள நீரின் அடர்த்தியை எட்டியதும் பக்கவாட்டில் பரவுகிறது. இப்படலத்தையே ஆங்கிலத்தில் இறகைக் குறிக்கும் 'ப்ளூம்' என்னும் சொல்லால் அழைக்கின்றனர்.

படலத்தின் இரும்பு துருவாகி ஊற்றின் அருகிலேயே படிந்துவிடும் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1981இல் லப்டன், கிரெய்க் ஆகிய இருவரும் தென் பசிபிக்கில் ஹீலியம்-3 ஊற்றிலிருந்து ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் பரவுவதைக் காட்டினர். ஆயினும் ஹீலியம் எதனோடும் வினைபுரியாத வாயு, இரும்பு அத்தகையதன்று. 2009இல் டோனர் குழுவினர், கரிமச் சேர்மங்கள் இரும்பைப் பற்றிக்கொண்டு ஆக்சிஜனேற்றத்திலிருந்து காப்பதை எடுத்துரைத்தனர். 2015இல் ரெசிங் குழுவினர் அதே தென் பசிபிக் படலத்தில் இரும்பை 4,000 கிலோமீட்டருக்கும் அப்பால் கண்டனர். இரும்புப் பற்றாக்குறையால் நுண்தாவரங்கள் வளராத தென்கடலுக்கு இவ்விரும்பு சென்றுசேரக்கூடும் என்பதே அக்கண்டுபிடிப்பின் பெறுமதி.

படலத்தின் வேதியியல் அதில் வாழும் நுண்ணுயிர்களின் செயலோடு பிணைந்தது. சூரிய ஒளி எட்டாத அந்நீரில் சப்-05 என்னும் பாக்டீரியக் குழு கந்தகத்தை ஆக்சிஜனேற்றி, அந்த ஆற்றலால் கரியமிலவாயுவை உணவாக்குகிறது. அக்குழு ஹைட்ரஜனையும் எரிபொருளாக்கவல்லது என்பதற்கான சான்றுகளைக் கார்த்திக் ஆனந்தராமன் குழுவினர் 2013இல் வெளியிட்டனர். மறு ஆண்டு இத்தகைய பாக்டீரியாக்களைத் தாக்கும் எனக் கருதப்படும் 18 வைரஸ் மரபுத்தொகுதிகளை அவர்கள் விவரித்தனர். அவற்றுள் 15இல் கந்தக ஆக்சிஜனேற்றத்துக்கான மரபணுக்களே இருந்தன.

இந்தியப் பெருங்கடலில் ஊற்றுக்கு முன்னே கண்டறியப்பட்டது படலமே. ரோட்ரிக்ஸ் முச்சந்தியை ஒட்டி ஜப்பானியர் 1993இல் படலத்தின் தடயங்களைக் கண்டனர். 2000இல்தான் கைரெய் ஊற்றுக்களம் கண்ணுக்குப்பட்டது. கடலடி விரிவுக் கோட்பாட்டை நிறுவ வைனும் மாத்யூசும் 1963இல் சான்றாகக் கொண்ட கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடரின் மேல், 2003இல் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளப் பெரும்படலமொன்று பதிவாயிற்று. 2024 டிசம்பரில் சென்னைத் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனமும் கோவாவின் தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையமும் மத்திய இந்திய மலைத்தொடரில் 4,500 மீட்டர் ஆழத்தில் இயங்கும் ஊற்றொன்றைப் படம்பிடித்தன.

இதன் பின்னணியில் உலோக நாட்டமும் உண்டு. சல்பைடு கனிமங்களைத் தேட இந்தியா பன்னாட்டுக் கடலடி ஆணையத்துடன் 2016இல் 10,000 சதுர கிலோமீட்டருக்கும், 2025இல் கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடரில் மீண்டும் அதே பரப்புக்கும் ஒப்பந்தம் செய்துள்ளது. இவை ஆய்வு ஒப்பந்தங்களே, அகழ்வுக்கானவை அல்ல. ஆயினும் அகழ்வு தொடங்கினால் எந்திரம் கிளப்பும் சேறும் ஒரு படலமாகவே பரவும். இயற்கைப் படலத்தில் எந்த நுண்ணுயிர் என்ன அளவில் எதைச் செய்கிறது என்பதை முன்னரே அளந்திராவிடில், பின்னர் நேரும் மாற்றத்தை எதனோடும் ஒப்பிட இயலாது.

சிகுருகுண்டா வட்டாரம் உணர்த்துவதும் இதுவே. ஆக்சிஜன் மிக அரிதாயிருந்த ஆர்க்கியன் கடலில் ஊற்றுகள் கக்கிய இரும்பு கரைந்த நிலையிலேயே நெடுந்தொலைவு சென்றது. அது துருவாகிப் படிந்ததில் நுண்ணுயிர்களுக்குப் பங்கிருக்கலாம் என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அவ்வுயிர்கள் எவை என்பதை இன்று பாறையைக் கொண்டு ஊகிக்க மட்டுமே முடியும். கார்ல்ஸ்பெர்க் படலத்தில் அவற்றை நீரோடு மொண்டு எடுத்து எண்ணிவிட முடியும்.